வெர்னா சுயேச்சையாக நின்ற வருஷம்

அலகேனி மலையடிவாரத்தில், ஹான்லின் ஓடையைச் சுற்றியிருக்கும் ஊர்களில் வெர்னா கோஸ்டெல்னிக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்தோரு வருஷம் அந்தப் பக்கமெல்லாம் தபால் போட்டவள். சாலையோரப் பெட்டிகளுக்குக் கை எட்ட வேண்டும் என்று ஸ்டியரிங்கை வலது பக்கம் வைத்த ஜீப்பில், ஒரு நாளைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டி. யார் வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அடிக்கடி கடிதம் வருகிறது, யார் வீட்டுக்குப் பிள்ளையிடமிருந்து ஒரு வரிகூட வருவதில்லை என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். பிடிக்குமே தவிர, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுகிறவர்கள் என்று பார்த்தால் ஒருத்திதான். நாத்தனார் லோயிஸ்.

வெர்னாவின் கணவன் மெர்ல் கல் குவாரியில் வேலை பார்த்தவன். போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மெர்ல் போனபிறகும் லோயிஸ் வியாழக்கிழமை தவறாமல் வந்து சீட்டாடிவிட்டுப் போவாள். வெர்னா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு அந்த ஒரு சாயங்காலம்தான் ஒரு வாரம் போயிற்று என்று அவளுக்கு அடையாளம் காட்டியது.

அந்த நாட்டில் கட்சி என்றால் இரண்டுதான். வெர்னாவுக்கு அவை அப்பா கட்சி, மெர்ல் கட்சி. சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா ஒன்றில் இருந்தார். கல்யாணமான வருஷம் மெர்ல் கேட்டுக்கொண்டதால் அவள் மற்றதில் பெயரைப் பதிந்துகொண்டாள். அதைப் பற்றி முப்பத்தைந்து வருஷம் அவள் பெரிதாக யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது தபால்தான். தேர்தல் வருஷங்களில் பளபளவென்று அச்சடித்த அட்டைகள் மூட்டை மூட்டையாக வரும். இவன் வந்தால் நாடு நாசம் என்று ஒரு அட்டை, அவன் வந்தால் நாடு நாசம் என்று இன்னொரு அட்டை. ஒரே பெட்டியில் இரண்டையும் அவளே போட்டிருக்கிறாள். ஹான்லின் ஓடைப் பாலத்தைப் பற்றி மட்டும் ஒரு அட்டையும் வந்ததில்லை.

பாலம் துருப்பிடித்து, மூடி ஆறு வருஷம். எதிர்க்கரையிலிருக்கும் மருந்துக்கடை கண்ணுக்குத் தெரியும். போக வேண்டுமென்றால் பத்தொன்பது மைல் சுற்ற வேண்டும். மெர்லுக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு ஆம்புலன்ஸும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு வந்தது. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

போன வருஷம் இலையுதிரும் காலத்தில் ஒரு நாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கட்சியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டாள். கோபத்தில் செய்ததல்ல. வண்டிக் காப்பீட்டுக் காகிதம் கொடுக்கப் போனவள், பக்கத்து ஜன்னல் காலியாக இருக்கிறதே என்று போய் நின்றாள்.

"எந்தக் கட்சின்னு போடட்டும்?" என்று ஜன்னலில் இருந்த பெண் கேட்டாள்.

"எதுவும் வேண்டாம்."

"எதுவும் வேண்டாம்னா, வசந்தத்துல நடக்கிற தேர்தல்ல ஓட்டு கிடையாது, தெரியும்ல?"

வெர்னா தலையாட்டினாள். ஆனால் அது காதில் சரியாக விழவில்லை. அதன் அர்த்தம் மே மாதம்தான் புரிந்தது.

அந்த மே மாதத்தில் பாலத்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் வந்திருந்தான். டயர் கடை வைத்திருக்கும் பிராண்ட். சட்டமன்றத்தில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் கிரெய்க் டன்லீவியை, அவருடைய கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்றான். அது மெர்ல் கட்சி. நவம்பர் தேர்தலில் அந்தத் தொகுதியில் டன்லீவியை எதிர்த்து வேறு யாரும் நிற்கப்போவதில்லை. ஆக, வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய மே மாதம் கட்சிக்குள் நடக்கும் ஓட்டுதான் உண்மையான தேர்தல். வெர்னா காலையிலேயே தலை வாரி, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். சிவப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசை போட்டிருந்தார்கள். அந்தச் சாவடிக்கு அதிகாரி லோயிஸ்தான். பன்னிரண்டு வருஷமாக அவள்தான்.

லோயிஸ் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு தடவை பார்த்தாள். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அண்ணி, உங்க பேருக்கு நேரா கட்சி இல்லைன்னு போட்டிருக்கு."

"ஆமா. எடுத்துட்டேன்."

"என்னிக்கு?"

"போன அக்டோபர்ல."

"ஏழு மாசமா வாரா வாரம் உங்க எதிர்ல உக்காந்து சீட்டாடறேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு லோயிஸ்? ஓட்டுச் சீட்டைக் கொடு, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"சீட்டு கிடையாது அண்ணி. கட்சியில இருக்கறவங்களுக்குத்தான். தீயணைப்பு வண்டி வாங்கறதா வேண்டாமான்னு ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு மட்டும் நீங்க பதில் சொல்லலாம்."

வெர்னா அந்த ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு தடுப்புக்குள் போனாள். வண்டி வாங்கலாம் என்று குறித்தாள். திரும்பி வரும்போது 'நான் வாக்களித்தேன்' என்ற ஒட்டுத்தாளை லோயிஸ் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். பிராண்ட் தொண்ணூற்றாறு ஓட்டில் தோற்றான்.

மறுவாரம் வெர்னா டன்லீவியின் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பாலத்தின் எதிர்க்கரை அடுத்த தொகுதி என்றும், அந்த எம்.எல்.ஏ.வைக் கேட்கும்படியும் சொன்னார்கள். அவரோ அப்பா கட்சி. அவருடைய அலுவலகத்தில், பாலம் தொடங்குவது உங்கள் கரையில்தான், உங்கள் ஆளைக் கேளுங்கள் என்றார்கள். அப்பா கட்சியின் மாவட்ட அலுவலகத்துக்கு நேரிலேயே போய், டன்லீவியை எதிர்த்து யாரையாவது நிறுத்தக் கூடாதா என்று கேட்டாள். அங்கிருந்த பெண் நல்ல பெண்தான். காப்பி கொடுத்தாள்.

"உங்க தொகுதி அவங்களுக்கு, அக்கரைத் தொகுதி நமக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி தொகுதிக் கோடு வரையும்போதே பேசி வச்சதுதான். இதுல போய் எதுக்குப் பணத்தைக் கொட்டணும்?" என்றாள், மழை வருமா வராதா என்று சொல்கிறவளைப் போல.

"யார் பேசி வச்சது?"

"ரெண்டு பேரும்தான்."

வீட்டுக்கு வந்து வெர்னா தொகுதி வரைபடத்தை அச்செடுத்துச் சமையல் மேசையில் விரித்தாள். யாரோ காப்பியைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனதுபோல் இருந்தது. முப்பத்தோரு வருஷம் ஓட்டிய சாலைகள். ஆனால் அந்தக் கோடு எந்தச் சாலையின் போக்கிலும் போகவில்லை, எந்த ஓடையையும் மதிக்கவில்லை. அவள் குடியிருக்கும் கட்லர் சாலைக்கு வந்தபோது மட்டும் சாலையின் நட்டநடுவே ஏறி ஓடியது. எதிர்வீட்டு எம்மெட் யோடர் வேறு தொகுதி. பத்து வருஷமாக அவர் வீட்டு நாய் இவள் வாசலில்தான் படுத்துக் கிடக்கிறது.

ஃபிளாஸ்கில் காப்பியும் இரண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினாள். அந்தக் கோட்டைச் சுற்றி ஓட்டிப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று. டிரெய்லர் வீடுகள் இருக்கும் மேட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தை வெளியே தள்ளிவிட்டு, ஒரு சோளக்காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. இரண்டாம் நாள் மத்தியானம் பைனி சந்து வந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு அங்கே மட்டும் ஒரு சின்னப் பையைப் போல உள்வாங்கி, நாலே நாலு வீட்டைத் தொகுதிக்கு வெளியே தள்ளிவிட்டுத் திரும்பி வந்து நேராகப் போயிற்று. வெர்னா ஜீப்பை நிறுத்தினாள். நாலு பெட்டியின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். மூன்றாவது பெட்டி, ஆரின் பீச்சி.

ஆரின் பீச்சி உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். நாலு வருஷம் முன்னால் அப்பா கட்சியின் சார்பில் டன்லீவியை எதிர்த்து நின்று இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றவர். அவர் வீட்டு முற்றத்தில் தூண்டில் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வெர்னா. தபால் எல்லாம் விட்டாச்சுன்னு நினைச்சேன்."

"சார், இந்தக் கோட்டைப் பார்த்தீங்களா?" அவள் காகிதத்தை நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "பார்த்திருக்கேன். என் வீடு, பக்கத்துல ரெண்டு கிழவிங்க, கடைசி வீட்ல ஒரு குடிகாரன். எங்க நாலு பேரைக் கண்டு அவங்களுக்கு அவ்வளவு பயம். வீடு கோட்டுக்கு வெளியே போயிட்டா நான் மறுபடி அங்க நிக்க முடியாதில்ல."

"நீங்க ஒண்ணும் செய்யலையா?"

"ஒரு வருஷம் கத்தினேன். எங்க கட்சிக்காரங்களே வந்து, சார், கொஞ்சம் சும்மா இருங்க, பதிலுக்கு நமக்கும் ஒண்ணு கிடைச்சிருக்குன்னாங்க." நூலை இழுத்துப் பார்த்தார். "இப்போ மீன் பிடிக்கறேன். மீன் எந்தத் தொகுதின்னு யாரும் கேக்கறதில்லை."

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "நான் நிக்கலாமா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வாயிலிருந்து வருகிற வரைக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்தது அவளுக்கே தெரியாது.

ஆரின் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். "நிக்கலாம். முன்னூறு கையெழுத்து வேணும். எல்லாம் கோட்டுக்கு உள்ள இருக்கறவங்களா இருக்கணும். என் கையெழுத்து செல்லாது, பார்த்துக்கங்க."

ஜூன் முழுவதும் வெர்னா தன் பழைய தடத்திலேயே போனாள். இந்தத் தடவை பெட்டியோடு நிற்காமல் கதவைத் தட்டினாள். எல்லோரும் சந்தோஷமாகத்தான் வரவேற்றார்கள். எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள், இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும்தான் முகத்தில் ஒரு மாற்றம் வரும்.

"அதெல்லாம் சரி வெர்னா. உண்மையில நீ எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லை. பாலத்துக்காக நிக்கறேன்."

"பாலம் சரி. உன் மனசுக்குள்ள எந்தப் பக்கம், அதைச் சொல்லு."

அப்பா கட்சிக்காரர்கள் அவளை மெர்ல் கட்சி அனுப்பிய ஆள் என்று நினைத்தார்கள். மெர்ல் கட்சிக்காரர்கள் நேர்மாறாக நினைத்தார்கள். எதிர்வீட்டு எம்மெட் மட்டும் கேள்வி கேட்காமல் பேனாவை எடுத்துவிட்டார்.

"எம்மெட், உங்களால முடியாது. சாலைக்கு அந்தப் பக்கம் வேற தொகுதி."

"அட, உனக்கு நான் போடாம வேற யாரும்மா போடுவா? குளிர்காலத்துல உன் வாசல் பனியை நான்தானே தள்ளறேன்?"

"சட்டம் அப்படி."

"அப்போ நாயோட பாதத்தை வச்சு எடுத்துக்கோ. அது உன் தொகுதியிலதான் தூங்குது," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பேனா மூடியை மூடுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

லோயிஸ் வந்தது அந்த வியாழக்கிழமை. சீட்டுக்கட்டை எடுக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"ஊரெல்லாம் பேசுது அண்ணி. எங்கிட்ட எதுக்கு வரலை?"

"நீ சாவடி அதிகாரி. உங்கிட்ட கையெழுத்துக் கேக்கறது நல்லா இருக்காது."

"கையெழுத்தை விடுங்க. அண்ணன் சாவுக்கு டன்லீவி வந்தார். பூ வச்சார். எங்கண்ணன் இருந்திருந்தா இதைச் செய்வீங்களா?"

"உங்கண்ணன் இருந்திருந்தா எனக்கு இந்தப் பாலத்தைப் பத்தி யோசிக்கவே தோணியிருக்காது."

லோயிஸுக்கு அது எங்கே போய்த் தைத்தது என்று வெர்னாவுக்கு உடனே தெரிந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. "நாங்க அத்தனை பேரும் ஒரு பக்கமா நிக்கறோம். நீங்க மட்டும் நடுவுல நின்னுக்கிட்டு எங்களை ஏதோ மட்டமாப் பார்க்கற மாதிரி இருக்கு," என்று லோயிஸ் சொன்னாள். அழவில்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

ஜூலையில் தேவாலயத்து விருந்து. நீள மேசைகள், உருளைக்கிழங்கு வைத்து வெண்ணெயில் புரட்டிய பியரோகிக் கொழுக்கட்டை, முட்டைக்கோஸ் வதக்கல். வெர்னா தட்டை நிரப்பிக்கொண்டு ஒரு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவள் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனார்கள். உட்கார்ந்தது வேறு மேசைகளில். கட்சிக்காரர்கள் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. இத்தனை நாள் தானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். எதிரே எட்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. பாதிரியார் வந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்து வானிலையைப் பற்றிப் பேசினார். அவர் எழுந்து போனதும் தட்டில் மீதி இருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்தாள். அவசரமாக எழுந்துபோனதாக யாரும் சொல்லக் கூடாது என்று இருந்தது.

நானூற்று முப்பத்தோரு கையெழுத்து சேர்ந்தது. ஆகஸ்டில், அவற்றில் பல செல்லாது என்று டன்லீவி தரப்பு வக்கீல் நீதிமன்றத்துக்குப் போனார். தலைநகரில் விசாரணை. வெர்னா மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், வக்கீல் இல்லாமல் தனியாக உட்கார்ந்தாள். ஒவ்வொரு கையெழுத்தாகத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். கோடு நெளிந்து போகும் இடங்களில், வெளியே இருப்பது தெரியாமல் போட்டுவிட்ட வீடுகள் போயின. 'தெரு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சாலை' என்று எழுதியவர்கள் போனார்கள். எண்பத்தெட்டு வயதுக் கிழவர் ஒருவரின் கை நடுங்கியிருந்தது. அது அவருடைய கையெழுத்தே அல்ல என்றார் வக்கீல்.

"இவர் பேர் வால்டர் ஹஃப். பெட்டி எண் நானூத்தி ஏழு. பத்து வருஷமா இவர் கை இப்படித்தான் நடுங்குது. பதிவுத் தபால் வாங்கறப்ப எங்கிட்ட இதே மாதிரிதான் போடுவார்," என்று வெர்னா எழுந்து சொன்னாள்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "அம்மா, இந்த நானூத்திச் சொச்சம் பேரையும் உங்களுக்கு இப்படித் தெரியுமா?"

"தெரியும் ஐயா. அவங்களுக்கு என்னை இவ்வளவு தெரியாது, ஆனா எனக்கு அவங்களைத் தெரியும்."

முன்னூற்று ஒன்பது தேறியது. வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்தபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. போனை எடுத்தாள். வியாழக்கிழமை. லோயிஸின் எண் முதலில் வந்தது. போனைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

செப்டம்பரும் அக்டோபரும் அவளே அட்டை அச்சடித்து, பெட்டிப் பெட்டியாகத் தானே போடாமல் முறைப்படி தபாலில் சேர்த்தாள். பெட்டிக்குள் தபால்காரரைத் தவிர வேறு யாரும் எதையும் போடக்கூடாது என்பது அவள் முப்பத்தோரு வருஷம் ஊருக்கே சொன்ன சட்டம். டன்லீவி அவளோடு விவாதத்துக்கு வரவில்லை. பத்திரிகையில் ஒரே ஒரு தடவை, 'நல்ல பெண்மணி, எங்களுக்குத் தபால் போட்டவர்' என்று சொன்னார்.

நவம்பரில் டன்லீவிக்குப் பதினான்காயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. வெர்னாவுக்கு மூவாயிரத்து எண்பத்தேழு.

மறுநாள் காலை தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். சாவடிக் கணக்கைக் கதவில் ஒட்டுவது வழக்கம். அவள் ஓட்டுப் போட்ட அந்தச் சாவடியில் அவளுக்கு அறுபத்தொன்று. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அறுபத்தொன்றேதான். கதவைத் திறந்துகொண்டு லோயிஸ் மடக்கு நாற்காலிகளோடு வந்தாள்.

"நான் உங்களுக்குப் போடலை அண்ணி. வேற யாராவது சொல்லி நீங்க கேக்க வேண்டாம்னு நானே சொல்றேன்."

"தெரியும்."

"ஆனா சீட்டை ரெண்டு தடவை எண்ணினேன். ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்குமோன்னு."

"நீ விட மாட்டே."

லோயிஸ் நாற்காலிகளைச் சுவரில் சாய்த்தாள். "போனது போகட்டும். திரும்பப் பேரைப் பதிஞ்சிடுங்க. வசந்தத்துல ஓட்டாவது போடலாம். இப்படி ஒண்ணுமில்லாம நிக்கறதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"முடியாது லோயிஸ்."

"ஏன்?"

வெர்னா கதவிலிருந்த கணக்கைப் பார்த்தாள். அந்த அறுபத்தொரு பேர் யார் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். "திரும்பச் சேர்ந்தா நான் ஒருத்தி சேர்ந்த கணக்காகும். எனக்குப் போட்ட இந்த அறுபத்தொரு பேர் கணக்கு எங்கேயும் இருக்காது," என்றாள் கடைசியில். லோயிஸ் புரிந்ததாகவும் காட்டவில்லை, புரியாததாகவும் காட்டவில்லை. ஒரு நாற்காலியை மட்டும் விரித்துப் போட்டு, "காப்பி இருக்கு, சூடு ஆறிப்போச்சு," என்றாள். வெர்னா உட்காரவில்லை. இன்னொரு நாள் என்றாள். இரண்டு பேருக்குமே அந்த இன்னொரு நாள் எது என்று தெரியாது.

குளிர்காலத்தில் மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளிடம் வந்தார்கள். "நான் உனக்குத்தான் போட்டேன் வெர்னா." ஜனவரி முடிவதற்குள், அந்தச் சாவடிக்காரர்கள் மட்டும் தொண்ணூறு பேருக்கு மேல் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் நன்றி சொன்னாள். பொய் சொன்னவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. போட்டிருக்கலாமே என்று இப்போதாவது நினைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம், அவள் கடையிலிருந்து திரும்பி உள்ளே நுழையும்போது போன் அடித்தது. ஆரின் பீச்சி.

"மூவாயிரம் பேர் வெர்னா. நான் ஐநூறுன்னு நினைச்சிருந்தேன். அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன், கூச்சமா இருந்தது."

"பாலம் அப்படியேதான் கிடக்கு சார்."

"கிடக்கும். கோட்டை மறுபடி வரைய இன்னும் எட்டு வருஷம் இருக்கு."

"எட்டு வருஷத்துல எனக்கு எழுபத்தொண்ணு."

"எனக்கு எண்பத்தஞ்சு. நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்கு என்ன," என்றார். இருவரும் சிரித்தார்கள். அவர் ஏரியில் பனி உடைந்ததைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். அவள் இடுப்பு வலியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னாள்.

போனை வைத்தபிறகு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது. இத்தனை நேரமும் கோட்டோடும் தொப்பியோடும் நின்றே பேசியிருக்கிறோம் என்பதை அப்போதுதான் கவனித்தாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள். ஒரு ஆளுக்கு வேண்டிய சூப்பை மட்டும் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.